ரோகு எந்த ஆற்று மீன்?

வெள்ளையாற்றின் கடைசி ரெகுலேட்டருக்குக் கொஞ்சம் மேற்கே, கரையில் ஈரச்சாக்கை விரித்து அதன்மேல் வலையை உதறினார் பெரியவர். விடிந்து அரைமணி நேரம் இருக்கும். உதிர்ந்ததில் முக்கால்வாசி ஜிலேபி. உள்ளங்கை அகலத்தில், முதுகு முள்ளை விறைத்துக்கொண்டு துள்ளின. நடுவே விரல் நீளத்தில் ஏழெட்டுக் கெண்டை, மீசை துடிக்க இரண்டு கெளுத்தி, சேற்று நிறத்தில் ஓர் உளுவை. ஓரத்தில் தனியாக, துடுப்பில் லேசாகச் செம்மை ஓடிய ஒரு ரோகுக் குஞ்சு.

என் நோட்டில் இரண்டு பத்தி போட்டு வைத்திருந்தேன். ஒன்று "ஆத்து மீன்", மற்றது "வந்த மீன்". ஜிலேபிக்கு யோசிக்க வேண்டியதில்லை, அதன் ஊர் ஆப்பிரிக்கா. கெண்டை, கெளுத்தி, உளுவை மூன்றும் நம்முடையவை. ரோகுவை "வந்த மீன்" பக்கத்தில் எழுதப் போனபோது பெரியவர் எட்டிப் பார்த்தார். "அத ஏன் தம்பி அங்க எழுதுறீங்க? நான் வலை புடிச்ச நாள்லேருந்து அது இந்த ஆத்துல கெடக்கு."

அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனாலும் ரோகு காவிரி மீன் அல்ல. கட்லாவும் ரோகுவும் மிர்காலும் கங்கை முதலான வடக்கத்தி ஆறுகளின் மீன்கள். பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில்தான் இவற்றின் அறிவியல் பெயர்களே பிறந்தன. குளத்து வளர்ப்புக்கும் அணை வளர்ப்புக்கும் என்று 20ஆம் நூற்றாண்டில் மீன்துறை அவற்றைத் தெற்கே கொண்டுவந்தது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஏலக்குளங்களின் கரை உடையும்போதெல்லாம் அவை ஆற்றுக்குள் வந்து சேர்ந்தன. நாட்டின் எல்லைக்கோடு மீனுக்குத் தெரியாது. அதற்கு ஊர் என்பது ஒரே ஆறும் அந்த ஆற்றில் வந்து கலக்கும் ஓடைகளும்தான். ஒரு வடிநிலத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நிற்கும் மேட்டைத் தாண்ட அதனால் முடியாது. ஆகவே காவிரிக்கு, ஆப்பிரிக்க ஜிலேபி எப்படி வெளியூரோ அப்படியே கங்கை ரோகுவும் வெளியூர். இரண்டும் செய்யும் கெடுதி ஒரே அளவா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேட வேண்டுமானால் முதலில் எண்ண வேண்டும், எண்ணுவதற்கு முன்னால் எது யாருடையது என்று பிரிக்க வேண்டும்.

இந்தப் பிரிப்பில் நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் தரங்கம்பாடி. 2020 வரை நாகை மாவட்டம், இப்போது மயிலாடுதுறை மாவட்டம். டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டி 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுப்போன ஊர். அங்கே 1771இல் வந்திறங்கிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், போதனை போக மீதி நேரத்தில் மீன் சேர்த்தார். கடல் மீன், ஆற்று மீன், குளத்து மீன் என்று கிடைத்ததையெல்லாம் பதப்படுத்தி, உள்ளூர்க்காரர்கள் அதற்குச் சொல்லும் பெயரையும் எழுதி, பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலீசர் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். பிளாக் அந்தக் காலத்தின் பெரிய மீனியல் அறிஞர். விராலும் குறவையும் 1793இல், கீற்றுக் கெளுத்தி 1794இல் என்று, நம் வாய்க்கால் மீன்கள் வரிசையாக அவர் கையால் அறிவியலுக்குள் நுழைந்தன. கீற்றுக் கெளுத்தி எங்கே கிடைத்தது என்று கேட்டால் உலகத்து மீன் பட்டியல்கள் இன்றும் தரங்கம்பாடியைத்தான் சொல்லும். நன்றிக்கடனாக ஒரு கத்தாழைப் பேரினத்துக்கு ஜானின் பெயரையே வைத்தார் பிளாக்.

பெயர்கள் பயணம் செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1801இல் லசெபேத் என்ற பிரெஞ்சு அறிஞர் விராலுக்கும் குறவைக்கும் லத்தீன் பெயர்களை மாற்றி எழுதினார். ஒன்றுக்கு "வ்ரால்", மற்றதற்கு "கருவை" என்று வைத்தார். விராலும் குறவையும் பாரிஸ்வரை போய்ச் சேர்ந்துவிட்டன. அந்தப் பெயர்கள் பின்னால் நிலைக்கவில்லை; ஆனால் வாளையின் பெயர் நிலைத்துவிட்டது. அதன் அறிவியல் பெயர் "வல்லாகோ அட்டு". தமிழ்க் காதுக்கு அதில் "வாளை"யும் "ஆத்து" என்பதும் கேட்காமல் போகாது.

பனையேறிக் கெண்டைக்கும் தரங்கம்பாடியில் ஒரு கதை இருக்கிறது. 1791 நவம்பரில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளக்கரைப் பனைமரத்தில் தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் அந்த மீன் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது அச்சாயிற்று. பின்னால் வந்தவர்கள் நம்பவில்லை. காக்கையோ பருந்தோ கவ்விப் போட்டிருக்கும் என்றார்கள். ஏறியதோ இல்லையோ, அந்தச் செவுள் மூடியை விரலால் தடவிப் பார்த்தால் கதை எங்கிருந்து வந்தது என்று புரியும். அரிவாள் பல் போல வரிசையாக முள். மழைநாளில் அது வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குப் போவதைப் பார்க்காத விவசாயி டெல்டாவில் இருக்க மாட்டார். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி அறையே இருக்கிறது அதற்கு. விரால், குறவை, தேளி ஆகியவையும் இதே வித்தை தெரிந்தவை. வெயில் காலத்தில் தண்ணீர் கெட்டு மற்ற மீன் செத்து மிதக்கும் குட்டையிலும் இவை மேலே வந்து ஒரு மிடறு காற்று வாங்கிக்கொண்டு பிழைத்துவிடும்.

ஆக, 230 வருஷத்துக்கு முன் இந்தத் தண்ணீரில் என்ன மீன் இருந்தது என்பதற்குப் பெயரோடு, படத்தோடு சாட்சி இருக்கிறது. எவ்வளவு இருந்தது என்பதற்கு இல்லை. அந்தக் கேள்வியைப் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் கேட்டார். நன்னீர் மீன்கள் பற்றி அவர் அரசுக்கு எழுதிய 1873ஆம் ஆண்டு அறிக்கைக்காகத் தாசில்தார்கள்வரை கேள்வி போயிற்று: மீன் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? உங்கள் ஊர் வலைக்கண் எவ்வளவு சிறியது? இந்திய ஆற்று மீன்களைப் பற்றிய முதல் பெரிய விசாரணை அதுதான் என்பேன். பொடி வலைக்கண்ணும் ஆற்றுக்குக் குறுக்கே எழுந்த அணைகளும் மீனை அழிக்கின்றன என்று டே அன்றைக்கே எச்சரித்தார்.

அணை எப்படி மீனை அழிக்கும் என்பதற்கு உல்லம் போதும். கடலில் வளர்ந்து, முட்டையிட மட்டும் வெள்ளத்தை எதிர்த்து ஆறேறும் மீன். 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் அணைக்கரையில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே கீழணை எழுந்தது. உல்லம் அங்கே வந்து முட்டி நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே சென்னை மாகாண மீன்துறை கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்கவைக்க முயன்றது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் வெள்ளத்தின் வேகமும் காலமும் மாறின; உல்லம் ஏறும் வழக்கமும் ஒடுங்கிப்போயிற்று. எந்த வெளியூர் மீனும் வந்து அதைத் துரத்தவில்லை. நாட்டு மீன் குறைந்தால் உடனே ஜிலேபியின் தலையில் பழியைப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எண்ணும் வேலைக்கு வருவோம். ஆற்றில் எத்தனை மீன் என்று கேட்பது எளிது. கண்ணுக்குத் தெரியாததை, ஓடுவதை, ஒளிவதை எப்படி எண்ணுவது?

முதல் சிக்கல் வலை. எந்த வலையும் பொய் சொல்லும். வீச்சு வலை கூட்டமாக வெட்டவெளியில் மேயும் மீனை அள்ளும், ஜிலேபி அப்படிப்பட்டது. வேலிக்காட்டாமணிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அடியில் பதுங்கும் விரால் அதில் விழாது. அதற்குத் தவளை மாட்டிய தூண்டில் வேண்டும். சேற்றில் புதைந்து கிடக்கும் ஆராலுக்குப் பறி. செவுள் வலையில் அந்தக் கண்ணுக்கு ஏற்ற பருமன் மட்டும் மாட்டும்; சிறியது நுழைந்து போய்விடும், பெரியது முட்டித் திரும்பிவிடும். அன்று காலை சாக்கில் முக்கால்வாசி ஜிலேபி கிடந்ததால் ஆற்றிலும் முக்கால்வாசி ஜிலேபி என்று நான் எழுதியிருந்தால் அது தப்பு. ஒரே இடத்தில் நாலைந்து விதமாகப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வீச்சு, எத்தனை மணி நேரம் என்று குறித்து, ஒரு வீச்சுக்கு இத்தனை மீன், ஒரு பறிக்கு ஓரிரவில் இத்தனை என்று வகுத்தால்தான் போன வருஷத்தோடு இந்த வருஷத்தை ஒப்பிட முடியும்.

இரண்டாவது சிக்கல் தண்ணீர். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறக்கிறது, ஜனவரி 28இல் மூடுகிறது. கல்லணையில் பிரிந்து, வெண்ணாறு வழியாகவும் காவிரி வழியாகவும் இறங்கி, மறுபடி மறுபடி கிளைத்து, கடைசியில் நாகூரில் வெட்டாறு, நாகையில் கடுவையாறு, வேளாங்கண்ணிப் பக்கம் வெள்ளையாறு என்று கடலுக்குப் போகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரும்போது கெண்டையும் கெளுத்தியும் வாய்க்கால் ஏறி நடவு வயலுக்குள் போய் முட்டையிடுகின்றன. வடகிழக்கு மழையில் ஆறும் குளமும் வயலும் ஒரே நீர்ப்பரப்பு. தை முடிந்தபின் ஆறு வற்றி மடுக்களாகச் சுருங்குகிறது. ரெகுலேட்டருக்குக் கிழக்கே உப்புத்தண்ணீர் ஏறி மடவையும் கொடுவாவும் மேயவருகின்றன. ஒரே இடத்தில் ஆடியில் எண்ணினால் ஒரு ஆறு, கார்த்திகையில் எண்ணினால் வேறு ஆறு, பங்குனியில் மூன்றாவது. ஒரு தடவை வந்து எண்ணிவிட்டுப் போகும் கணக்கெடுப்பால் டெல்டாவுக்குப் பயன் குறைவு.

ஆனால் பங்குனி, சித்திரை மடு ஒரு வரம். சுற்றிலும் வறண்ட மணல். மீன் எங்கும் போக முடியாது. இரண்டு பக்கமும் பொடிவலை கட்டி, ஒரே வலையால், ஒவ்வொரு தடவையும் அதே அளவு நேரம், மூன்று தடவை இழுத்து, பிடித்ததைத் தனித் தொட்டியில் விட்டு வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இழுப்பில் 60, இரண்டாவதில் 30, மூன்றாவதில் 15. ஒவ்வொரு தடவையும் இருப்பதில் பாதி அகப்படுகிறது என்பது எண்ணிலேயே தெரிகிறது. அப்படியானால் மடுவில் ஆதியில் இருந்தவை 120. பிடிபட்டவை 105, மிச்சம் 15 இன்னும் உள்ளே கிடக்கின்றன. காணாத பதினைந்தையும் எண்ணிவிடும் இந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகள் மணலிலேயே எழுதிப் பார்க்கலாம். இனத்துக்கு இனம் தனித்தனியாகப் போட வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஜிலேபி அகப்படும் விகிதமும் ஆரால் அகப்படும் விகிதமும் ஒன்றல்ல.

இன்னொரு வழியைப் பிரபலமாக்கியவர், தரங்கம்பாடியை ஆண்ட அதே டென்மார்க் நாட்டுக்காரர். சி. ஜி. ஜோஹன்னஸ் பீட்டர்சன் 1890களில் லிம்ஃப்யோர்டு என்ற கடற்கழியில் தட்டை மீன்களுக்கு அடையாளம் போட்டு விட்டு மறுபடி பிடித்தார். கணக்கு எளிது. 100 மீனுக்குத் துடுப்போரத்தில் சின்ன வெட்டு வைத்து விடுகிறோம். கலந்து பரவ அவகாசம் கொடுத்து மறுபடி 80 பிடிக்கிறோம். அதில் 8 வெட்டுப்பட்டவை. பத்தில் ஒன்று அடையாள மீன் என்றால், மொத்தம் சுமார் 1,000. ஆனால் இடையில் மீன் வெளியே போகவும் உள்ளே வரவும் கூடாது. ஷட்டர் திறந்து கிடக்கும் ஐப்பசியில் இந்தக் கணக்கு ஒத்துவராது. மறுபடியும் மடுவுக்கும் கோடைக்குமே வர வேண்டியிருக்கிறது.

இப்போது தண்ணீரை மட்டும் வைத்தே மீனைக் கண்டுபிடிக்கிறார்கள். மீன் உதிர்க்கும் சளி, செதில், கழிவு எல்லாவற்றிலும் அதன் டிஎன்ஏ இருக்கிறது. ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரை வடிகட்டினால் அந்தத் துணுக்குகள் வடிதாளில் தங்கும்; ஆய்வகம் இனத்தைச் சொல்லிவிடும். வலைக்கு எட்டாத அரிய மீனைத் தேடவும், புதிதாக நுழைந்த மீனைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளவும் அருமையான வழி. டெல்டாவில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஓடும் தண்ணீர் மேற்கே இருக்கும் மீனின் அடையாளத்தையும் சுமந்து வரும். மீன் மார்க்கெட்டின் சாக்கடை ஆற்றில் கலக்கும் இடத்தில் மொண்டால், அங்கே நீந்தாத கட்லாவும் "இருக்கிறது" என்று முடிவு வரும்.

காவிரியிலேயே இனம் பிரித்து எண்ணி ஓர் உண்மையைக் கண்டுபிடித்த கதை உண்டு. மேல் காவிரியில் திமில் வைத்த மகாசீர் என்ற ராட்சதக் கெண்டை இருக்கிறது. 1970களிலிருந்து, மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் பொரித்த நீலத்துடுப்பு மகாசீர் குஞ்சுகளைக் காவிரியிலும் விட்டார்கள். நல்லது செய்வதாக நம்பித்தான் விட்டார்கள். கர்நாடகக் கரையில் தூண்டில் போட்ட சுற்றுலாக்காரர்கள் பிடித்து, அளந்து, திரும்ப விட்ட மீன்களின் குறிப்பு 1998 முதல் 2012 வரை இருந்தது. ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலான ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளைப் பிரித்து எண்ணினார்கள். மகாசீர் மொத்தம் பெருகிக்கொண்டே போனது போலத் தெரிந்தது. பெருகியது நீலத்துடுப்பு, திமில் மகாசீர் அருகிக்கொண்டே வந்தது. 2015இல் வெளிவந்தது அந்த ஆய்வு. அதுவரை அந்தப் பெரிய மீனுக்குச் சரியான அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. 2018இல்தான் அது டோர் ரேமாதேவியே என்று நிலைநாட்டினார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரேமா தேவியின் பெயரைத் தாங்கிய மீன். அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ளது என்று அருகிவரும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டையும் "மகாசீர்" என்று ஒரே பத்தியில் எழுதியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

அமெரிக்காவின் மேற்கே கொலராடோ ஆற்றிலும் திமில் வைத்த ஒரு நாட்டு மீனுக்கு இதே கதிதான். 1963இல் கிளென் கேன்யன் அணை வந்தபின் ஆறு குளிர்ந்து தெளிந்தது. வெளியூர் டிரவுட் மீன் அதில் செழித்தது. நாட்டு மீனின் வயிற்றுக்குள் அரிசிமணி அளவு சில்லு பொருத்தி, ஒவ்வொன்றையும் தனி ஆளாக அடையாளம் கண்டு பல ஆண்டுகள் எண்ணினார்கள். 2003 முதல் 2006 வரை, துணையாறு கலக்கும் இடத்தில் தண்ணீரில் லேசான மின்சாரம் பாய்ச்சி, மயங்கி மிதந்த டிரவுட்டுகளை அள்ளி அகற்றினார்கள். பயிற்சி பெற்றவர் கருவியோடு செய்ய வேண்டிய வேலை அது. இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் வைத்துக்கொண்டு இங்கே சில இடங்களில் நடப்பது குஞ்சு, முட்டை, ஆள் மூன்றையும் கொல்லும் அநியாயம்.

நம் கடைமடைக்குத் திரும்புவோம். ஜிலேபி இந்தியாவுக்கு வந்தது 1952இல். ஆண் மீன் அடியில் குழி பறித்துக் காவல் நிற்கும். பெண் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே அடைகாக்கும். சில மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயார், வருஷத்தில் பல ஈடு. உப்புத் தண்ணீரும் அதற்கு ஒரு பொருட்டல்ல. நன்னீரும் உப்புநீரும் மாறி மாறி வரும் கடைமடை அதற்கென்றே செய்த வீடு. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு 2000இலேயே தடுத்தது. ஆனாலும் வெள்ளத்தில் ஆற்றுக்கு வந்துவிட்டது. வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, பெருத்ததும் வாய்க்காலில் வீசப்பட்ட சக்கர் மீன் மூன்றாவது. அதன் எலும்புக் கவசம் வலையையே கிழிக்கும். சந்தையில் யாரும் கேட்காத மீன் என்பதால் பிடிப்பவர் கரையில் எறிந்துவிடுவார், மீன் கணக்கிலும் அது ஏறாது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆறுகளில் மீன்குஞ்சு விடுகிறார்கள். விடுவதற்கு முன் ஒரு தடவை, விட்டபின் சில வருஷம் என்று எண்ணினால்தான் மகாசீர் விஷயத்தில் நடந்தது மறுபடி நடக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். மீன்வளப் பல்கலைக்கழகம் 2012 முதல் நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது. கடைமடை ரெகுலேட்டர் ஒவ்வொன்றுக்கும் மேற்கே ஒரு மடு, வருஷத்துக்கு மூன்று பருவம், அதே வலை, அதே கைகள். பெரிய செலவு இல்லாத வேலை இது. பத்து வருஷம் விடாமல் செய்தால் காவிரியின் கடைசிக் காதத்துக்கு ஒரு ஒழுங்கான கணக்கு கிடைக்கும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ரோகுவைப் பெரியவர் தன் ஆற்று மீன் என்று சொன்னதற்குக் காரணம், அவர் வலை பிடித்த நாளிலேயே அது வந்துவிட்டிருந்ததுதான். டேனியல் பாலி என்ற மீனியல் அறிஞர் 1995இல் இதைத்தான் எழுதினார்: ஒவ்வொரு தலைமுறை மீனியலாளரும் தாம் வேலையைத் தொடங்கியபோது இருந்த கடலையே முழுக் கடல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். என் பேரன் வயதில் ஒருவன் ஜிலேபியைக் காவிரி மீன் என்று சத்தியம் செய்வான். அதனால்தான் வயதானவர்களின் நினைவையும் கணக்கெடுப்பில் சேர்க்கிறார்கள். வருஷம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. பெரிய சம்பவத்தை வைத்துக் கேட்க வேண்டும்.

சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "அண்ணே, இந்த ஆத்துல வாளை கடைசியா எப்ப பாத்தீங்க? கஜா புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"கஜாவா? அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி."

"சுனாமிக்கு?"

கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சுனாமிக்கு முந்தின பொங்கல். பெரிய மவளுக்குச் சீர் கொண்டு போகணும்னு விடியகாலையில தூண்டி போட்டேன். தோள்ல போட்டா வாலு இடுப்பத் தொட்டுது." கையால் காட்டினார். நான் டேப்பை வைத்து அளந்தேன். ஒரு கெஜத்துக்கு மூன்று விரல் குறைவு.

"ஆத்து மீன்" பத்தியில் எழுதிக்கொண்டேன்: வாளை, ஒன்று, 2004 தை, வெள்ளையாறு.